கூத்துக் கலைஞரின் இரண்டு முகமும் ஒரே ஃபிரேமில்: ஃபிளாஷ் மல்டிபிள் எக்ஸ்போஷரில் பின்னணி வெளுக்கிறது

வெருலம்_கேமரா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய வெருலம் பக்கம் திருவிழாவில் துரியோதனன் வேஷம் கட்டும் மூத்த கூத்துக் கலைஞர் ஒருவரை உருவப்படம் எடுக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் மாட்டப்போகிற படம். அரிதாரம் பூசாத முகம் நேராகப் பார்க்க, கிரீடமும் சிவப்பு அரிதாரமுமாக இருக்கும் முகம் பக்கவாட்டில் அதனுள்ளிருந்து வெளிப்பட வேண்டும். இரண்டும் ஒரே ஃபிரேமில், அதாவது மல்டிபிள் எக்ஸ்போஷர் (ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு).

கையில் இருப்பது நிக்கான் டி750, 85 எம்எம் லென்ஸ், கோடாக்ஸ் டிடி685 ஃபிளாஷ் இரண்டு, 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஒன்று, ரேடியோ டிரிக்கர். வேறு ஒருவரை உட்காரவைத்துச் சோதனை எடுத்துவிட்டேன். விளக்கை அணைத்து, பல்ப் மோடில் 8 வினாடி ஷட்டரைத் திறந்து, இரண்டு தடவை ஃபிளாஷ் அடித்தேன். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6. பின்னால் ஒரு மீட்டர் தள்ளிக் கறுப்புப் பருத்தித் துணி. வெள்ளைச் சுவர் அறை.

மூன்று சிக்கல். பின்னணி கறுப்பாக இல்லை, சாம்பலாக வருகிறது. இரண்டாவது முகம் முதல் முகத்தின் மேல் வெளுத்துக் கரைந்துபோகிறது. கடைசியாக, அரிதாரம் பூசி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஷட்டரைத் திறந்து வைக்க முடியாது, கேமராவின் மல்டிபிள் எக்ஸ்போஷர் மோடும் தானாகவே முடிந்துவிடும். என்ன செய்யலாம்?

---

இருளறை பதில்:

தம்பி, முதலில் பின்னணி. சாம்பல் நிறம் இரண்டு வழியில் வரும். எது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம். அதே அமைப்பில், அதே 8 வினாடிக்கு, ஃபிளாஷ் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அதுவும் சாம்பலாக வந்தால் அறைக்குள் வெளிச்சம் கசிகிறது. கதவிடுக்கு, ஜன்னல் திரை, ஏசியின் எல்இடி, ஃபிளாஷின் பின்பக்கத் திரை எல்லாம் 8 வினாடியில் சேர்ந்துவிடும். டிஎஸ்எல்ஆர் என்பதால் வியூஃபைண்டர் வழியாகவும் உள்ளே வெளிச்சம் போகும், அதை மூடுங்கள். அந்தப் படம் சுத்தக் கறுப்பாக வந்தால், குற்றம் ஃபிளாஷின் சிதறலில்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. பருத்தித் துணி கண்ணுக்குத்தான் கறுப்பு, ஃபிளாஷ் பட்டால் சாம்பல். ஒரு எக்ஸ்போஷரில் தெரியாத சாம்பல் இரண்டு எக்ஸ்போஷர் கூடும்போது தெரிந்துவிடும். வெல்வெட் வாங்குங்கள். டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போதைய டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் போதும். தொங்கவிடும்போது இரண்டு பக்கமும் கையால் தடவிப் பாருங்கள். மயிர் கீழிருந்து மேலாக நிற்கும் பக்கம்தான் அதிகக் கறுப்பாகத் தெரியும்.

அடுத்தது தூரம். ஃபிளாஷிலிருந்து முகம் 1 மீட்டர், துணி 2 மீட்டர் என்றால் துணியில் விழுவது முகத்தில் விழுவதில் நாலில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் மட்டுமே குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). துணியை 4 மீட்டருக்குத் தள்ளினால் பதினாறில் ஒரு பங்கு, நாலு ஸ்டாப் குறைவு. துணி மாற்றுவதோடு இந்த நகர்த்தலும் பெரிய வேலை செய்யும். இடம் இல்லையென்றால் ஃபிளாஷை முகத்துக்கு இன்னும் அருகில் கொண்டுவந்து பவரைக் குறையுங்கள். விகிதம்தான் கணக்கு. வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கு, ஃபிளாஷுக்கும் துணிக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டை, எதிர்ச் சுவர்ப்பக்கம் ஒரு கறுப்பு அட்டை.

இன்னொன்று: உங்கள் வேலைக்குப் பல்ப் மோடே தேவையில்லை. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனி ரா படமாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுக்கப்போகிறீர்கள் (அதைக் கீழே சொல்கிறேன்). ஷட்டர் 1/160, எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று வைத்தால் வீட்டு விளக்கு ஒன்று எரிந்தால்கூடப் படத்தில் பதியாது. மங்கலான விளக்கு எரிவது நல்லதும்கூட. கும்மிருட்டில் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக வரும், உருவப்படத்தில் அது முகத்தையே கொன்றுவிடும். வயதானவருக்கு இருட்டில் ஃபிளாஷ் அடித்தால் கண்ணும் கூசும்.

இப்போது இரண்டாவது முகம் கரைவது. இதுதான் இந்தக் கலையின் அடிப்படை: முன்பே நன்றாக வெளிச்சம் விழுந்த இடத்தில் புதிதாக விழுவது தெளிவாகத் தெரியாது, இருட்டாக இருந்த இடத்தில்தான் இரண்டாவது முகம் உட்காரும். முதல் முகத்துக்கு முன்னாலிருந்து சாஃப்ட்பாக்ஸ் அடித்து முகம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிட்டால் இரண்டாவதற்கு இடமே இல்லை. ஆகவே முதல் படத்தின் வெளிச்சத்தை யோசிக்கும்போதே நிழலை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும்.

உங்கள் படத்துக்கு இப்படி அமைக்கலாம். முதல் முகம் நேராக. சாஃப்ட்பாக்ஸ் கேமராவுக்கு இடப்பக்கம், முகத்திலிருந்து 1 மீட்டர், ஏறத்தாழ 80 டிகிரி பக்கவாட்டில். முகத்தின் இடப்பாதி மட்டும் தெரியும். மூக்குத் தண்டுக்கு வலப்பக்கம் எல்லாம் இருட்டு. பவர் 1/8இல் தொடங்குங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 200க்கு அரை ஸ்டாப் முன்னே பின்னே இருக்கும், ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துச் சரிசெய்யலாம். இரண்டாவது முகம் வலப்பக்கம் திரும்பிய பக்கத்தோற்றம். இதற்கு மற்ற ஃபிளாஷ், வலப்பக்கம், முகத்துக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து, கட்டாயம் கிரிட் (வெளிச்சம் பரவாமல் தடுக்கும் தேன்கூட்டு வலை) போட்டு. நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஓரம் மட்டும் வெளிச்சமாகி, காதுப்பக்கம் இருட்டில் இருக்க வேண்டும். அந்தக் காதுப்பக்கம்தான் முதல் முகத்தின் வெளிச்சப் பாதியின் மேல் விழும். இருட்டு விழுந்தால் கீழே இருப்பது கெடாது. டிரிக்கரில் ஒன்றை ஏ குரூப், மற்றதை பி குரூப் என்று வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். பி ஃபிளாஷ் லென்ஸைப் பார்க்கும் கோணத்துக்கு அருகில் வருவதால், அதற்கும் லென்ஸுக்கும் நடுவே ஓர் அட்டை வேண்டும். இல்லையென்றால் ஃபிளேர் வந்து மறுபடியும் சாம்பல்தான்.

இரண்டு மணி நேர இடைவெளிக்கு உங்கள் கேமராவிலேயே வழி இருக்கிறது. ரீடச் மெனுவில் இமேஜ் ஓவர்லே. கார்டில் இருக்கும் இரண்டு என்இஎஃப் (நிக்கானின் ரா கோப்பு) படத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றுக்கும் கெயின் (வெளிச்சப் பங்கு) 0.1 முதல் 2.0 வரை மாற்றி, திரையில் பார்த்தபடியே சேர்க்கலாம். முதலில் தேர்ந்தெடுக்கும் படத்தின் வைட் பேலன்ஸைத்தான் சேர்ந்த படம் எடுத்துக்கொள்ளும், அதனால் வெறும் முகத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். மூலப்படங்கள் அப்படியே இருக்கும். விகிதத்தை நாளைக்கும் மாற்றலாம் என்பது மூத்தவர் ஒருவரை மறுபடி உட்காரவைக்க முடியாத வேலையில் பெரிய பாதுகாப்பு.

---

கூத்துமேடை பதில்:

இருளறை ஐயா வெளிச்சத்தைச் சொல்லிவிட்டார். நான் வேஷத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூத்துப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கெடுகின்றன.

கிரீடத்திலும் புஜகீர்த்தி என்னும் தோளணியிலும் பதித்திருக்கும் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடிதான். ஃபிளாஷ் அடிக்கும்போது எது லென்ஸைப் பார்த்துத் திருப்பி அடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அந்த வெள்ளைப் பொட்டுகள் அடியில் இருக்கும் முகத்தின் மேல் ஓட்டை மாதிரி விழும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒருவர் டார்ச்சை ஃபிளாஷ் இருக்கும் இடத்திலேயே பிடிக்கட்டும். நீங்கள் லென்ஸின் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். எந்தச் சில்லு கண்ணில் அடிக்கிறதோ அது படத்திலும் அடிக்கும். ஃபிளாஷை 20, 30 செ.மீ. மேலே ஏற்றினாலே பாதி அடங்கும். மிச்சத்துக்குக் கிரீடத்தை ஒரு விரற்கடை முன்னே சாய்க்கலாம். எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம். இரண்டு மூன்று மின்னினால்தான் அது கிரீடம்.

ஃபிரேமைக் கிரீடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் முகத்துக்கு அழகாக ஃபிரேம் வைத்துவிட்டு, பிறகு கிரீடத்தின் உச்சி வெட்டுப்பட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அரிதாரம் பூசுவதற்கு முன்பே, கலைஞர் சம்மதித்தால், ஒரு தடவை கிரீடத்தை வைத்துப் பார்த்து உயரத்தை முடிவு செய்து, டிரைபாடின் கால்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அதன் பிறகு டிரைபாடை யாரும் தொடக் கூடாது. ஃபோகஸ் மேனுவல்.

இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் முகத்தைக் கொண்டுவருவது எப்படி? சக்கரமில்லாத, சுழலாத ஸ்டூல். அதன் கால்களுக்கும் அவர் பாதங்களுக்கும் டேப். லைவ் வியூவைப் போட்டு, கேமராத் திரைமேல் ஒரு மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெறும் முகத்தின் கண் இரண்டு, மூக்கு நுனி, மோவாய் ஆகியவற்றை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டு முகத்தை அந்தக் குறிகளைப் பார்த்துப் பொருத்தலாம். தலை முன்பின் அசையாமலிருக்கப் பின்மண்டைக்கு ஒரு லைட் ஸ்டாண்டின் நுனியை மெதுவாக முட்டுக்கொடுக்கலாம். 19ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் இதே வேலைக்கு இரும்புத் தலைதாங்கி வைத்திருந்தார்கள். கிரீடத்தின் பின்தட்டில் மட்டும் அது இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் ஒரு படத்தில் பட்டால் அந்த இடத்தில் மற்றப் படம் செத்துவிடும். வெறும் முகத்துக்குக் கறுப்புப் போர்வை போட்டுத் தோளை மறைத்துவிடலாம். நெற்றியில் விபூதிப் பட்டை இருந்தால் எங்கே விழும் என்று பாருங்கள். வெறும் முகத்தின் வெள்ளைப் பட்டை கிரீடத்தின் அடியோரத்தில் மோதினால் இரண்டும் குழம்பும்.

கடைசியாக வியர்வை. ஜனவரி, பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் மூடிய அறையில் அரிதாரம் பளபளக்கும். துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள். முடிந்தால் ஜூன், ஜூலையில் வையுங்கள். வெயில் தணிவு, மாலை ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மண்டபத்தின் ஜன்னலை அடைக்கிற வேலையும் மிச்சம்.

---

வெருலம்_கேமரா:

ஃபிளாஷை அணைத்து எடுத்த படம் சுத்தக் கறுப்பாக வந்தது ஐயா. அப்படியானால் சிதறல்தான். வெல்வெட் வாங்கிவிடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. நுட்பம் சரியாகிவிட்டாலும் படம் வெறும் வித்தையாக நின்றுவிடக் கூடாது. இந்த மனிதரின் முகத்தில் ஒரு தளர்ச்சி இருக்கிறது, வேஷம் கட்டியதும் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதுதான் படத்தில் வர வேண்டும். நாலைந்து முகமாக, ஸ்டிரோப் (அடுத்தடுத்து மின்னும் ஃபிளாஷ்) போட்டு எடுக்கலாமா? கலர் ஜெல் (ஃபிளாஷ் முன் வைக்கும் வண்ணத் தாள்) போடலாமா?

---

நிழற்கூடம் பதில்:

நாலைந்து வேண்டாம். இரண்டு போதும், மூன்று எல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன். முகம் கூடக் கூட, பார்ப்பவர் "எப்படி எடுத்தார்கள்" என்று எண்ணத் தொடங்குகிறார், "யார் இவர்" என்று கேட்பதை விட்டுவிடுகிறார்.

ஸ்டிரோப் வேறு வேலைக்கானது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் வளர்த்த ஸ்டிரோப் ஃபிளாஷைக் கொண்டு, ஜோன் மிலி லைஃப் பத்திரிகைக்கு ஆடுகிறவர்களையும் வாத்தியக்காரர்களையும் எடுத்தார். அங்கே பேசுவது கையும் காலும், உடம்பு காற்றில் வரைகிற பாதை. உங்கள் கலைஞர் கிறுகி (சுழன்று) ஆடும் காட்சிக்கு அது பொருந்தும்: மல்டி மோடில் (ஃபிளாஷ் தானாகவே சீராகப் பல தடவை மின்னும் மோட்) 4 அடி, 2 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் 2 வினாடி (அடிகளின் எண்ணிக்கையை ஹெர்ட்ஸால் வகுத்தால் ஷட்டர் நேரம்), பவர் 1/16. ஆனால் சம இடைவெளியில் விழும் முகங்கள் இயந்திரம் அச்சடித்தது போலிருக்கும், அதில் மனம் தெரியாது. முகத்தில் தவிப்பைக் காட்ட வேண்டுமென்றால் மல்டி மோடை விட்டுவிட்டு, பல்ப் மோடில் டிரிக்கரின் டெஸ்ட் பட்டனைக் கையால் அழுத்துங்கள். இடைவெளி ஒழுங்கில்லாமல் விழட்டும். ஒவ்வொரு அடிக்கும் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். முழு பவரில் ஒன்றிரண்டு வினாடி பிடிக்கும், 1/8இல் உடனே தயார். சார்ஜ் ஆகாமல் அடித்தால் அந்த முகம் மட்டும் காரணமில்லாமல் மங்கும்.

உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் கணக்கில் மூன்று இடம்.

ஒன்று, இரண்டு முகத்துக்கும் உள்ள வெளிச்ச விகிதம். இரண்டும் சமம் என்றால் இரண்டு ஆள் மோதுகிறார்கள். இரண்டாவது ஒரு ஸ்டாப் குறைந்தால் பேச்சுவார்த்தை போலிருக்கும். இரண்டு ஸ்டாப் குறைந்தால் அது நினைவு, முதலாமவர் நினைத்துக்கொள்கிறார். மூன்று ஸ்டாப் குறைந்தால் ஆவி. எந்த முகத்தைக் குறைப்பது என்பதில்தான் படத்தின் பொருளே இருக்கிறது. வேஷத்தைக் குறைத்தால் "ஒரு காலத்தில் ஆடியவர்" என்று படிக்கும். வெறும் முகத்தைக் குறைத்தால் "அரசனுக்குள் ஒரு மனிதர்" என்று படிக்கும். நீங்கள் சொன்ன தளர்ச்சிக்கு எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. துரியோதனன் கூர்மையாக, முழு எக்ஸ்போஷரில். வெறும் முகம் ஒன்றரை ஸ்டாப் குறைவாக, கண் தாழ்ந்து. ஓவர்லேயில் கெயின் 0.5 என்றால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப். 0.35 என்றால் ஒன்றரை. நிழலில் நாய்ஸ் வரக்கூடும் என்பதால், முடிந்தவரை படமெடுக்கும்போதே ஃபிளாஷ் பவரில் குறைத்துவிடுங்கள்.

இரண்டு, கண். ஒரு ஜோடிக் கண்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஜோடியும் திறந்து லென்ஸைப் பார்த்தால் பார்ப்பவருக்குக் கண் இடறும், கேமரா ஆடிவிட்டதோ என்று தோன்றும். தலை 10, 15 டிகிரி மட்டும் திரும்பினாலும் அதே குறைதான். திருப்பினால் 45க்கு மேல் திருப்ப வேண்டும், இல்லையேல் கண்மேல் கண் துல்லியமாகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் இரண்டு முகமும் போய் மூன்றாவது ஒரு பிறவி வரும். இத்தாலியின் வாண்டா வூல்ஸ் 1932இல் தன் முகத்தின் நெகட்டிவையும் ஒரு பூனையின் நெகட்டிவையும் சேர்த்து அச்சிட்டது அந்த வகை. அச்சம் தருகிற வகை. உங்களுக்கு அது வேண்டியதில்லை. மூடிய கண்ணும் திறந்த கண்ணும் சேர்ந்தால் நினைவு, கனவு. இருவரும் எதிரெதிர்ப்பக்கம் பார்த்தால் பிரிவு. பக்கவாட்டு முகம் ஃபிரேமுக்கு வெளியே பார்க்கட்டும், அந்தப் பக்கம் கொஞ்சம் கறுப்பு வெற்றிடம் விடுங்கள். ஓரத்தில் மூக்கு முட்டினால் அடைபட்டது போலாகிவிடும்.

மூன்றாவது நிறம். சிவப்பு அரிதாரத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிவப்புப் பூச்சு நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். வேஷ முகத்துக்கு சயான் (பச்சை கலந்த நீலம்) ஜெல் போட்டு அடித்தால் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகி, கண்ணின் வெள்ளை, மீசையோரத்து வெள்ளைக் கோடு, கிரீடத்தின் மின்னல் மட்டும் நிற்கும். அந்தக் கறுப்பினூடே வெறும் முகம் தெரியும். அரிதாரமே ஜன்னலாகிவிடும். மாறாகச் சிவப்பு ஜெல் போட்டால் அரிதாரம் வெளிறி, கோடெல்லாம் அழிந்து, முகம் தட்டையாகும். அதைச் செய்யாதீர்கள். அடர் நீல ஜெல் மூன்று, நாலு ஸ்டாப்பைக்கூட விழுங்கும், சயானே போதும். வெறும் முகத்துக்கு அரை சிடிஓ (இளம் ஆரஞ்சு ஜெல்), மெல்லிய வெதுவெதுப்பு. வைட் பேலன்ஸை ஃபிளாஷ் அளவில் பூட்டிவிடுங்கள், ஆட்டோ வேண்டாம். ஹிஸ்டோகிராமைச் சேர்த்துப் பார்க்காமல் சிவப்புச் சானலைத் தனியாகப் பாருங்கள். ஜெல் இல்லாமல் எடுக்கும் வேஷ முகத்தில் மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாக இருக்கும்போதே சிவப்பு வெடித்திருக்கும்.

இரண்டு விதமாகவும் எடுத்து வையுங்கள், ஜெல்லோடும் இல்லாமலும். ஓவர்லேயில் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம்தான்.

---

ஃபீனிக்ஸ்_அச்சு பதில்:

ஃபோட்டோஷாப்பில் சேர்த்தால் ஆகாதா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆகும். இரண்டு லேயர், மேலே இருப்பதை ஸ்கிரீன் மோடில் (வெளிச்சத்தோடு வெளிச்சம் கூடும் முறை) வையுங்கள். சாம்பல் பின்னணி அங்கேயும் கூடத்தான் செய்யும், ஆகவே வெல்வெட்டிலிருந்து தப்பிக்க முடியாது.

ஸ்டிரோப்புக்கு வருகிறவர்கள் கவனிக்க: எடுக்கப்படுபவருக்கு வலிப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். வினாடிக்கு 3 முதல் 30 அடி வரையிலான மின்னல்தான் ஒளியால் வரும் வலிப்பை அதிகம் தூண்டும். தொடர்ந்து மல்டி மோடில் அடித்தால் ஃபிளாஷ் தலையும் சூடாகும், பத்துத் தடவைக்கு ஒருமுறை ஆறவிடுங்கள்.

வெருலம் தம்பிக்கு, அச்சு பற்றி ஒன்று. இந்தப் படத்தில் முக்கால்வாசி கறுப்பு, பாதி முகம் நிழலில். மேட் (பளபளப்பில்லாத) தாளில் கறுப்பு சாம்பலாகத் தளர்ந்து, ஒன்றரை ஸ்டாப் குறைத்த வெறும் முகம் அதோடு கரைந்துபோகும். ஓரளவு பளபளப்புள்ள லஸ்டர் அல்லது பரைட்டா தாள் கேளுங்கள். முழுப் படத்தையும் பெரிதாக அச்சடிப்பதற்கு முன், வெறும் முகத்தின் கண்ணும் கன்னமும் வரும் துண்டை மட்டும் ஏ4 அளவில் மூன்று விதமாக அச்சடியுங்கள்: இருந்தபடியே ஒன்று, நிழலை அரை ஸ்டாப் தூக்கி ஒன்று, ஒரு ஸ்டாப் தூக்கி ஒன்று. அதை மண்டபத்துக்கே எடுத்துப்போய், மாட்டப்போகும் சுவரில், அங்கே எரியும் டியூப்லைட்டில் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் சரியாக இருப்பது சுவரில் இருட்டாகத்தான் இருக்கும். சட்டத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் கறுப்புப் படம் முழுக்க எதிர்ச் சுவர் தெரியும், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள்.